முக்காட்டுக்குள் பிச்சி

லீதியா ஞானஸ்நானம் எடுத்த அன்று, ஆலடிவிளைக் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாஸ்டர் அவளைப் பின்பக்கமாகச் சாய்த்து முக்கி எடுத்தபோது, அவள் மூச்சை விட்டுக் கண்ணைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே, வகிட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிச்சி மொட்டு, செவந்த முதுகோடு, நனைந்த முடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கரையில் பாடிக்கொண்டு நின்ற நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம், குளத்தில் மிதந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்தோம். பாஸ்டரம்மா தலை துவட்டுகிற சாக்கில் அதைக் கிள்ளி எறிந்தார்கள். கிள்ளும்போது லீதியா, முடியைப் பிடுங்கினால் சொல்வதுபோல, "ஸ்ஸ்" என்றாள். குளிரில் சொல்லியிருப்பாள் என்று நாங்கள் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டோம்.

லீதியா எனக்கு ஓர்ப்படியாள். என் வீட்டுக்காரரின் தம்பி அஜினைக் கட்டி வந்தவள், பூ வைக்கிற சபையிலிருந்து பூ வைக்காத சபைக்கு வந்தவள். எங்கள் சபையில் பொட்டு இல்லை, பூ இல்லை, காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை, தாலியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலையும் தலையில் முக்காடும்தான் எங்களுக்கு நகை. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் கம்மலையும் சங்கிலியையும் கழற்றி மாமியார் கையில் கொடுத்தபோது அவள் முகம் வாடவே இல்லை. "பொன்னு போனதுல ஒண்ணுமில்லக்கா," என்றாள் என்னிடம், "பூவை விடணும்னு நினைச்சாத்தான் நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது. சரி, ஆண்டவருக்குத்தானே, விட்டாச்சு." அப்படிச் சிரித்துக்கொண்டேதான் விட்டாள்.

ஆனால் எங்கள் ஊரே பூவில்தான் பிழைத்தது. விடியும்போது தோவாளைச் சந்தையிலிருந்து இசக்கியம்மாள் அக்கா ஆட்டோவில் பிச்சியும் மல்லிகையும் ஈரச் சாக்கு ஈரச் சாக்காகக் கொண்டுவந்து இறக்குவாள், சபைப் பெண்கள் நாங்கள் எங்கள் வீட்டு முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து, தண்ணீரில் ஊறின வாழைநாரைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு கட்டுவோம், கட்டினது கல்யாணத் தலைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சடைக்கும் போகும், எங்கள் தலைக்கு மட்டும் போகாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு, அது போதாது என்று புளி போட்டுத் தேய்த்து, விரலில் மணம் போனதா என்று ஒருத்தி விரலை ஒருத்தி மோந்து பார்த்துவிட்டுத்தான் சாயங்கால ஜெபத்துக்குப் போவோம். "தொழில் வேற, அலங்காரம் வேற," என்று பாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். இசக்கி அக்கா மட்டும் கேட்பாள், "ஏட்டி, பாயாசம் கிண்டுற கையி, ஒரு சொட்டு நக்கப்படாதுன்னா அது எந்த ஊரு நியாயம்?" நாங்கள் சிரித்துவிட்டு, அவளுக்காகவும் ஜெபம் பண்ணுவோம்.

ஞானஸ்நானம் முடிந்த அந்த வாரம் சாயங்கால ஜெபத்தில்தான் வாசனை வந்தது. வெளிச்சம் மங்கி, ஜெபவீட்டில் டியூப்லைட் போட்ட நேரம், பாஸ்டர் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, எங்கிருந்து என்று தெரியாமல், முதலில் ஒரு இழையாக, பிறகு ஒரு போர்வையாக, பிச்சி மணம் எங்கள் எல்லாரையும் வந்து மூடியது. முதலில் ஒவ்வொருத்தியும் தன் விரலைத்தான் மோந்து பார்த்தாள். விரலில் சோப்பும் புளியும்தான் மணத்தது. பாஸ்டர் கையைத் தூக்கி, குரல் உடைந்து, "ஆண்டவர் இறங்கி வந்திருக்கார், அவர் வஸ்திரத்து வாசனை இது, கண்ணைத் திறக்காதிங்க, அப்படியே ஸ்தோத்திரம் பண்ணுங்க," என்றார். நாங்கள் கண்ணை மூடி அழுதோம். இப்போது எத்தனையோ நினைத்துப் பார்க்கிறேன், ஆனால் அந்த அழுகையில் பொய் இல்லை. அத்தனை வருஷமாக மணத்தைத் தொட்டுத் தொட்டு ஊருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு எழுந்துபோன எங்களுக்கு, யாரோ அதை ஒருநாள் திருப்பித் தந்த மாதிரி இருந்தது.

மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. செய்தி விளை விளையாக, ஊர் ஊராகப் போயிற்று. வேறு சபைக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். சர்க்கரைப் புண் ஆறாதவர் வந்தார், மகன் குவைத்திலிருந்து போன் பண்ணாத தாய் வந்தாள், மோப்பமே தெரியாத ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்து தனக்கும் தெரிகிறது என்று சாட்சி சொன்னார். முன்வரிசையில் உட்காரும் தேவகிருபை சிஸ்டர், வாசனை முதலில் தன் பக்கமிருந்துதான் கிளம்புகிறது என்று எல்லாரிடமும் தாழ்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் பின்னால் லீதியா உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் எனக்கும் லீதியாவுக்கும் விஷயம் அடுத்த நாட்களிலேயே தெரிந்துவிட்டது. காலையில் தலை சீவ உட்கார்ந்தால் சீப்பில் மொட்டு சிக்கும். வேரிலிருந்து ஒரு விரல் தள்ளி, முடியோடு முடியாக, காம்பு வைத்து முளைத்திருக்கும். கிள்ளினால் வலிக்கும், கிள்ளின இடத்தில் மதியத்துக்குள் இரண்டு வரும். மாமியார் ஒருநாள் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கிள்ளினதை எல்லாம் அள்ளி, கட்டுகிற பூக்கூடையில் கொட்டிக் கலந்துவிட்டார். வீணாக்குகிற பழக்கம் அவரிடம் கிடையாது. அப்படி லீதியாவின் தலைப்பூ எந்த மணப்பெண் தலைக்குப் போனதோ, எந்தச் சாமி கழுத்துக்குப் போனதோ. அஜின் மட்டும், "ராத்திரி மார்க்கெட்டுக்குள்ள பாய் விரிச்சுப் படுத்த மாதிரி இருக்கு மயினி," என்று என்னிடம் புலம்புவான், ஆனால் நாளுக்கு நாள் வேலையிலிருந்து சீக்கிரமாக வீட்டுக்கு வரத் தொடங்கினான்.

லீதியாவுக்குப் பொய் வராது. வேன் வந்து நின்ற அன்றே, "எக்கா, சனங்க நம்பி வருதாவ. நான் போயிச் சொல்லிரப் போறேன்," என்று கிளம்பிவிட்டாள். என் மகள் அப்போது கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

பாஸ்டர் வீட்டு முன்னறையில் அவள் முக்காட்டை எடுத்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. பிச்சி அந்த நேரத்தில்தான் விரியும். எங்கள் கண் முன்னாலேயே ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று, பிறகு நெற்றியோரம் வரிசையாக, பிள்ளைகள் உறக்கத்தில் விரலைத் திறப்பதுபோல மெதுவாகத் திறந்தன. பாஸ்டர் நல்ல மனுஷன். முன்னால் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சைக்கிளில் முதலில் வருகிறவர். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

பாஸ்டரம்மாதான் முதலில் பேசினார்கள். "பூ வைக்காதேன்னு சொன்னா, தோட்டமே போட்டு வச்சிருக்கியே."

"நான் வைக்கல பாஸ்டரம்மா. அதுவா வருது."

"அதுவா வாறதெல்லாம் ஆண்டவர்கிட்ட இருந்தா வருகு? களையும் அதுவாத்தான் வருகு. உள்ளுக்குள்ள ஆசை இருந்தா வெளிய முளைக்கும். பூவை விட்டேன்னு வாயால சொன்ன, மனசு விடல்ல."

லீதியா கொஞ்சம் யோசித்தாள். "அது உண்மைதான் பாஸ்டரம்மா. எனக்கு ஆசை இருந்துச்சு," என்றாள். பிறகு, கேட்க வேண்டும் என்று தோன்றியதைக் கேட்டாள். "அப்போ ஜெபவீட்டுல வாற வாசனை?"

என் மகள் லீதியாவின் தலையைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டிச் சிரித்தது.

"வாசனை வேற," என்றார் பாஸ்டர் கடைசியில். "பூ வேற."

தலையில் பூ நிற்கும்வரை அவள் ஜெபத்துக்கு வர வேண்டாம், திருவிருந்தில் பங்கு பெற வேண்டாம் என்று முடிவாயிற்று. மற்றதுக்கெல்லாம் தலையாட்டிய லீதியா திருவிருந்து என்றதும் கலங்கிப்போனாள். எங்கள் சபையில் ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்குத்தான் அப்பம், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. கல்யாணம் முடிந்து வந்ததிலிருந்து அவள் பின்வரிசையில் உட்கார்ந்து, அப்பத் தட்டு தன் தலைக்கு மேலே கைமாறிப் போவதைப் பார்த்தே இருந்தவள். அந்த ஒரு துண்டு அப்பத்துக்காகத்தான் பூவை விட்டாள், குளத்துக்குள் இறங்கினாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும், "எக்கா, பந்தியில உக்கார வச்சிட்டு இலையை எடுத்த மாதிரி இருக்கு," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். பாடினோம், கை தட்டினோம், மங்கல் வெளிச்சம் வரை ஜெபத்தை நீட்டினோம். வாசனை வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. சபைக்குள் யாரோ பாவம் செய்திருக்கிறார்கள், அதனால்தான் ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று தேவகிருபை சிஸ்டருக்கு வெளிப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வீட்டையும் அடுத்த வீடு சோதித்தது. ஒரு வீட்டில் டிவியைத் தூக்கிக் கிணற்றடியில் வைத்தார்கள். ஒருத்தி மகளுக்கு நகச்சாயம் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவர் பழைய கல்யாண ஆல்பத்தில் மாலையோடு நின்ற தன் படத்தைத் தானே கிழித்தார், அவர் மனைவி கிழிந்ததை எடுத்து ஒட்டி வைத்தாள், அதற்கும் சண்டை. பூக்கட்டுகிற வட்டத்தில் பாட்டு நின்றுபோயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, நாரை இழுத்து இழுத்து, ஒருத்தி மற்றவளைக் கடைக்கண்ணால் அளந்துகொண்டே கட்டினோம். இசக்கி அக்கா சாக்கை இறக்கிவிட்டு எங்களைச் சுற்றிப் பார்த்தாள். "என்னட்டி, சாவு வீட்டுக்கா மாலை கட்டுதிய?" என்று கேட்டாள், யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் லீதியா விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததை யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் உப்புக் கேட்டு, அரிவாள்மணை கேட்டு, ஒன்றுமில்லாமல் சும்மா, எங்கள் வீட்டுக்குச் சபைப் பெண்கள் சாயங்காலமாக வரத் தொடங்கினார்கள். வந்து, லீதியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மனந்திரும்பவேண்டும் என்று புத்தி சொல்லி, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு போவார்கள். தேனீக்களும் வந்தன, அவையாவது புத்தி சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் பாஸ்டரம்மா தனியாக வந்தார்கள், கையில் வேப்பெண்ணெய்க் குப்பி. வேர் வரைக்கும் தேய்த்தால் பட்டுப்போகும் என்றார்கள். லீதியா மறுபேச்சில்லாமல் முன்னால் உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். பாஸ்டரம்மா வகிடு வகிடாகப் பிரித்துத் தேய்த்துக்கொண்டே, "உனக்காவத்தான் செய்யுதேன் மக்களே," என்றார்கள், கோபமில்லாமல். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். நான் அடுக்களைக்குப் போய்ச் செம்போடு திரும்பி வந்தபோது, எண்ணெய்க் கை இரண்டையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு, பாஸ்டரம்மா முகத்தை லீதியாவின் கூந்தலுக்குள் புதைத்து வைத்திருந்தார்கள், கண் மூடியிருந்தது. நான் செம்பைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைத்தேன்.

"எண்ணெய் நல்லா புடிச்சிருக்கான்னு பார்த்தேன்," என்றார்கள் நிமிர்ந்து.

வேப்பெண்ணெய்க்கும் பூ பட்டுப்போகவில்லை. மறுநாள் இலையும் சேர்ந்து வந்தது.

அந்த நிலைமையில்தான் கன்வென்ஷன் வந்தது. வாசனை வந்த புதிதில் பாஸ்டர் உற்சாகத்தில் ஏற்பாடு பண்ணினது. பெரிய பிரசங்கியார் ஒருவர் வெளியூரிலிருந்து வர ஒத்துக்கொண்டார், சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாயிற்று, நோட்டீஸில் "வாசனை எழுப்புதல் கூட்டம்" என்று ரோஜா நிறத்தில் எழுத்து. இனி வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வாசனை நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். ஜெபவீட்டில் மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை உண்டு, பாய்களும் உடைந்த மைக்கும் போட்டு வைக்கிற இடம். நீலத் திரை தொங்கும். கூட்டத்து நாட்களில் லீதியா அங்கே உட்கார்ந்துகொண்டால் போதும், பூவைப் பார்த்து ஆள்களுக்கு இடறல் வராது, ஜெபத்திலும் கலந்துகொண்ட மாதிரி ஆயிற்று என்றார். அதைச் சொல்லும்போது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"உட்காருதேன் ஐயா," என்றாள் லீதியா. "கடைசி நாளு திருவிருந்து உண்டும்லா? எனக்கும் தரணும்."

"தருவோம்," என்றார் பாஸ்டர். "தருவோம் சிஸ்டர்."

அப்படி நாங்கள் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தோம், சுருட்டி வைத்த பாய்களின் மேல், லீதியாவும் நானும், என் மடியில் பிள்ளையும். பிரசங்கியார் குரல் இடி மாதிரி. சாயங்காலம் மங்கும்போது லீதியாவின் தலையில் மொட்டுகள் திறப்பது எனக்குக் காதிலேயே கேட்பதுபோல இருக்கும். வாசனை திரையைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டு வெளியே போகும். அடுத்த நிமிஷம் அந்தப் பக்கம் கூட்டமே ஓவென்று அழும். அண்ணன் தம்பி இரண்டு பேர், வரப்புத் தகராறில் பல வருஷம் முகம் பார்க்காதவர்கள், எழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம். ஒருவர் குடியை விட்டேன் என்று எழுந்து நின்று சொன்னார், விட்டும்விட்டார். குவைத்து மகன் போன் பண்ணிவிட்டான் என்று அந்தத் தாய் மைக்கில் சொல்லி ஏங்கி ஏங்கி அழுதபோது, லீதியா திரைக்குப் பின்னால் என் கையைப் பிடித்து, "நல்லதுதானக்கா நடக்குது, நான் எங்க உட்கார்ந்தா என்ன," என்றாள். அவள் அப்படித்தான்.

கடைசி நாள் அவள் ஞானஸ்நானத்துக்கு எடுத்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அப்பம்தான் முதலில் வாயில் படவேண்டும் என்று. ஜெபவீடு கொள்ளவில்லை, பந்தலும் கொள்ளவில்லை. திருவிருந்து ஆரம்பித்தது. திரையின் இடுக்கு வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைத் துணி விரித்த மேசை, அப்பத் தட்டுகள், சின்னச் சின்னக் கிண்ணத்தில் திராட்சரசம். தட்டு எடுத்துச் செல்லுகிறவர்களில் அஜினும் ஒருத்தன். வரிசை வரிசையாகக் கொடுத்துவிட்டு அவன் எங்கள் திரைப் பக்கம் வந்தான். அவன் கை திரையின் ஓரத்தைப் பிடித்தது, விரல்கள் இந்தப் பக்கம் தெரிந்தன. மேடையிலிருந்து பாஸ்டர் தொண்டையைச் செருமினார். பிரசங்கியார் பக்கத்தில் நின்றார், நூறு பேர் பார்வை அந்தப் பக்கம். விரல்கள் போய்விட்டன.

"எக்கா, எனக்கு இல்லியா?"

"ஆள் கலையட்டும், பிறகு கொண்டு வருவாவ," என்றேன்.

தட்டுகள் மேசைக்குத் திரும்பின. மேலே வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். பிரசங்கியார் முடிவு ஜெபத்துக்கு எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். எங்கள் சபையில் ஜெபத்தில் கண் திறப்பது பெரிய குற்றம். பிள்ளைகள் திறந்தால் தலையில் குட்டு விழும். அத்தனை பேரும் கண்ணை இறுக்கி மூடி, கையை உயர்த்தினார்கள்.

லீதியா எழுந்தாள். முக்காட்டை எடுத்து நான்காக மடித்து, என் மடியில் உறங்கிய பிள்ளையின் மேல் போர்த்தினாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

நான் திரையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்படி அவள் தலை பூத்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நெற்றியிலிருந்து இடுப்பு வரை முடியே தெரியாமல் வெள்ளையாக, வெள்ளைக்கு அடியில் செவப்பாக, நடக்க நடக்க விரிந்துகொண்டே போயிற்று. தரையில் நெருக்கி நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்களின் நடுவில் கால் வைக்க இடமில்லை. யார் மேலும் மிதித்துவிடக் கூடாது என்று சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, இடம் பார்த்து அடுத்ததை வைத்து, அறுப்பு வயலில் நடக்கிறவள் மாதிரி நடந்தாள். ஒருவரும் கண் திறக்கவில்லை. வாசனை தங்கள் முகத்தில் அடிக்க அடிக்க, கண்ணீர் வழிய, இன்னும் இறுக்கி மூடினார்கள். "அவர் வருகிறார்!" என்று பிரசங்கியார் மைக்கில் அலறினார், அவர் கண்ணும் மூடியிருந்தது. "உங்கள் நடுவிலே நடந்து வருகிறார்! இதோ, உன் பக்கத்தில்! உன் பக்கத்தில்!"

என்னை விட்டால், உள்ளே கண் திறந்திருந்தது பாஸ்டருக்கும் பாஸ்டரம்மாவுக்கும்தான்.

லீதியா மேசை முன்னால் போய் நின்றாள். "ஐயா, எனக்குத் தரல்ல," என்றாள், பக்கத்து வீட்டில் மோர் கேட்கிற குரலில். பாஸ்டர் வாயைத் திறந்தார். மைக் பக்கத்தில் இருந்தது, மூடினார். அவர் கை தட்டின் மேல் போய், துணியைத் தொட்டு, அப்படியே நின்றது. பாஸ்டரம்மா முன்வரிசையிலிருந்து, கோழியை விரட்டுவதுபோல, போ, போ என்று விரலை அசைத்தார்கள். அந்தக் கண்ணில் கோபத்தைக் காட்டிலும் பயம்தான் இருந்தது.

லீதியா இருவரையும் பார்த்தாள். பிறகு தானே துணியை விலக்கி, தட்டில் மிச்சமிருந்த அப்பத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து, கையில் வைத்துக் குனிந்து ஜெபித்து, வாயில் போட்டு மென்றாள். துணியைப் பழையபடி மூடி, சுருக்கம் நீவிவிட்டாள். அங்கிருந்து நடு வழியாக, அதே மாதிரி கால் பார்த்து வைத்து, வாசலுக்குப் போனாள். வாசலில் தட்டு கழுவ வைத்திருந்த குடத்தடியில் அஜின் நின்றுகொண்டிருந்தான். அவன் அவளைப் பார்த்தான், தோளில் கிடந்த துண்டைக் குடத்தின் மேல் போட்டான், செருப்பைக்கூடத் தேடாமல் அவள் பின்னால் போய்விட்டான்.

"ஆமென்" என்றார் பிரசங்கியார். எல்லாரும் கண்ணைத் திறந்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து, அழுதார்கள். தேவகிருபை சிஸ்டர் துள்ளி எழுந்து மைக்கைப் பிடித்தார். "அவர் என் பக்கத்துல நடந்தாரு! அவர் வஸ்திரத்து ஓரம் என் முட்டியில பட்டுது, சகோதரிகளே, பட்டுது! நான் காலைக்கூட மடக்கிக் கொடுத்தேன்!" சபை முழுக்க ஸ்தோத்திரம் என்று முழங்கிற்று. பாஸ்டர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் ஸ்தோத்திரம் என்றார், ஆனால் சத்தம் வரவில்லை.

அந்த வாரமே அஜினும் லீதியாவும் வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்கள், அவனுக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. போகிற அன்று லீதியா யார் மேலும் குறை சொல்லவில்லை. பாஸ்டர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். எங்கள் வீட்டில் ரொம்ப நாளைக்குத் தலையணை மணத்தது, சீப்பு மணத்தது, பிறகு மழைக்காலம் வந்து அதுவும் போயிற்று. போனில் கேட்பேன், "பூ வருதா?" என்று. "வருகுக்கா, வெயில் காலத்துல கொஞ்சம் கொறையும். இஞ்ச ஒரு சின்னச் சபை உண்டு, பின்னால உட்காருவேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ. ஒரு ஆச்சி மட்டும் எங்க வாங்கினேன்னு கேட்டாவ." சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

இங்கே ஜெபவீடு இப்போது கான்கிரீட், தரையில் டைல்ஸ், ஏசி போட்டாயிற்று. வாசனை அதற்குப் பிறகு வரவே இல்லை. சனங்களின் பாவம்தான் காரணம் என்று இன்னமும் சொல்கிறார்கள், யாருடைய பாவம் என்று இன்னமும் தேடுகிறார்கள். தேவகிருபை சிஸ்டர் வருஷா வருஷம் தன் முட்டியைத் தொட்டுக் காட்டிச் சாட்சி சொல்லுவார்; அப்போது மட்டும் பாஸ்டர் தலையைக் குனிந்துகொள்வார். பாஸ்டரம்மா இப்போதெல்லாம் சாயங்காலமாக எங்கள் பூக்கட்டுகிற அறைக்கு வந்து உட்காருகிறார்கள். எதுவும் பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. நாங்களும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறோம்.

எனக்கு அந்த ஒரு சாயங்காலம் திரும்ப வேண்டும் என்று எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. பந்தல் வெளிச்சமும், பாய் மணமும், மடியில் பிள்ளையின் சூடும், பூத்த தலையோடு அவள் கால் பார்த்து நடந்ததும். திரும்ப வந்தால் திரைக்குப் பின்னால் உட்கார மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என் மகள், இப்போது மூன்றாம் வகுப்பு, என் முழங்கையை இடித்தாள். "எம்மா, நீ மட்டும் எப்பவும் கண்ணைத் திறந்துக்கிட்டே இருக்க," என்றாள் ரகசியமாக. "பாஸ்டர் தாத்தா பார்த்தா திட்டுவாங்க."

"பார்க்கட்டும்," என்றேன். "யாராவது நடந்து வந்தா வழி விடணும்லா."

தன் காலை மடக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டு, அவளும் வாசலைப் பார்க்கத் தொடங்கினாள்.